கேப்டன் டைகரின் பாலைவனத்தில் மோபியஸ்

தெரிந்த தம்பி ஒருவன் அனிமேஷன் படிக்கிறான். சில மாதங்களுக்கு முன் அவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். கூம்புத் தொப்பி போட்ட ஒரு மனிதன், கல்லால் செய்ததைப் போன்ற ஒரு பெரிய பறவையின் முதுகில் உட்கார்ந்து வெட்டவெளியைக் கடந்து போகிறான். "அண்ணே, இந்த ஸ்டைலுக்கு என்ன பேரு?" என்று கேட்டான். யார் வரைந்தது, எந்தக் கதை, அடுத்த பக்கத்தில் என்ன நடக்கும் என்று எதையும் கேட்கவில்லை. ஸ்டைலுக்குப் பேர் மட்டும் வேண்டும். பேர் தெரிந்தால் ஏதோ ஒரு ஏஐ செயலியில் தட்டி அதே மாதிரி பத்துப் படம் எடுத்துவிடலாம்.

"மோபியஸ்."

"அதான் ஸ்டைல் பேரா?"

"ஆள் பேருடா. அதுவும் உண்மையான பேர் இல்ல."

அவன் வீட்டு அலமாரியில் அவன் அப்பா சேர்த்துவைத்த காமிக்ஸ் அடுக்கு ஒன்று உண்டு. அதிலிருந்து ஒரு கேப்டன் டைகர் புத்தகத்தை உருவி, "இதை வரைஞ்சதும் அதே ஆள்தான்" என்றேன். தம்பி அட்டையைப் பார்த்தான், போனைப் பார்த்தான், சிரித்தான். "சும்மா சொல்லாதீங்க அண்ணே, இது கௌபாய் கதை."

அவன் சிரித்ததில் தப்பில்லை. நானும் பல வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். பள்ளியில் டைகர் வெறியன். கல்லூரிக்குப் போனதும் இணையத்தில் மோபியஸைக் கண்டுபிடித்தேன், அதோடு டைகரைப் பற்றிப் பேசவே கூச்சமாகிவிட்டது. ஒன்று பால்யம், இன்னொன்று கலை என்று பிரித்து வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கை என்று தெரிந்த பிறகும், 'முன்னது சோற்றுக்கு வரைந்தது, பின்னது தனக்காக வரைந்தது' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இந்தப் பிரிவினை நான் கண்டுபிடித்ததில்லை. மோபியஸைப் பற்றிய பெரும்பாலான கட்டுரைகள் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன: கூலிக்குக் குதிரை வரைந்துகொண்டிருந்த ஒருவர் ஒருநாள் விடுதலையடைந்து கனவுகளை வரையத் தொடங்கினார். நல்ல கதை. ஆனால் புத்தகங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிற்கவில்லை.

ஆள் பெயர் ழான் ஜிரோ. 1938 மே 8 அன்று பாரிஸுக்குப் பக்கத்தில் நொழான்-சுர்-மார்ன் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதிலேயே பெற்றோர் பிரிந்துவிட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். பதினாறு வயதில் பாரிஸில் பயன்பாட்டுக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். பின்னாளில் 'வலேரியான்' வரையப்போகும் ழான்-க்ளோத் மெஸியேர் அங்கே நண்பரானார். படிப்பை முடிக்காமலே ஜிரோ மெக்ஸிகோ போனார். அம்மா அங்கே மறுமணம் செய்துகொண்டு குடியேறியிருந்தார். சுமார் எட்டு ஒன்பது மாதங்கள் அங்கே இருந்தார். முடிவே இல்லாத பாலைவனத்தையும் முழுத் தட்டையான அடிவானத்தையும் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பயணத்தில்தான். அது தனக்குள் எதையோ உடைத்தது என்று பிற்காலப் பேட்டிகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இந்த எட்டு மாதத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ராணுவ சேவை, அல்ஜீரியா, மற்றதெல்லாம் இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு முக்கியமில்லை.

ஊர் திரும்பியவர் 1961 வாக்கில் ழிழே என்ற மூத்த பெல்ஜிய ஓவியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். ழிழேவின் 'ஜெர்ரி ஸ்ப்ரிங்' என்ற கௌபாய்த் தொடரில் ஒரு முழு ஆல்பத்துக்கு மை போட்டார். நம் ஊர் ஆசாரிப் பட்டறை மாதிரியான படிப்பு இது. குருவின் தூரிகை அழுத்தம் சீடன் கைக்கு வரும்வரை தனி வேலை கிடையாது. கொஞ்ச நாளில் 'பிலோத்' வார இதழின் கதாசிரியர் ழான்-மிஷேல் ஷார்லியே அமெரிக்க மேற்கைச் சுற்றிவிட்டு ஒரு வெஸ்டர்ன் எழுதும் ஆசையோடு வந்தார், ழிழேவைக் கேட்டார். ழிழே தன் சீடனைக் கைகாட்டினார். 1963 அக்டோபர் 31 பிலோத் இதழில் 'ஃபோர்ட் நவஹோ' தொடங்கியது. அதில் வரும் லெப்டினென்ட் ப்ளூபெரிதான் சிவகாசிக்கு வந்து சேர்ந்தபோது நமக்குக் கேப்டன் டைகர் ஆனார்.

முதல் சில கதைகளில் ப்ளூபெரிக்கு நடிகர் ழான்-போல் பெல்மோந்தோவின் முகம். அழகாக இருக்கிறார், சீருடை மடிப்புக் கலையவில்லை. படமும் ழிழேவின் படம் மாதிரியே இருக்கிறது. எவ்வளவு ஒத்துப்போனது என்றால், நடுவில் ஜிரோ மறுபடி மெக்ஸிகோ கிளம்பிப் போய்விட, ழிழேவே உட்கார்ந்து பல பக்கங்களை வரைந்து தொடரைக் காப்பாற்றினார். அந்தப் பக்கங்களைத் தனியாகக் காட்டினால் எனக்குப் பிரிக்கத் தெரியாது.

ஆனால் அடுத்த ஏழெட்டு ஆண்டுகளில் இந்த முகத்துக்கு நடந்ததைப் பாருங்கள். மூக்கு உடைந்தபடியே இருக்கிறது, தாடி முளைக்கிறது, கண்ணைச் சுற்றிச் சுருக்கம் விழுகிறது, தொப்பியில் வியர்வைக் கறை படிகிறது. ஒரே நாயகன் புத்தகத்துக்குப் புத்தகம் அழுக்காகிக்கொண்டே போகிறான். லியோனியின் படங்களின் சாயல் இதில் உண்டு. ஆனால் சினிமாவில் அழுக்கைப் பூசிவிட்டுக் கேமராவை ஓடவிட்டால் போதும். காமிக்ஸில் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த அழுக்கை மறுபடி வரைய வேண்டும். ஜிரோ வரைந்தார். கோடுகள், புள்ளிகள், காய்ந்த தூரிகையின் கீறல்கள். வெயிலை வண்ணத்தால் காட்டாமல், பாறையின் நிழல் எவ்வளவு கறுப்பாக விழுகிறது என்பதால் காட்டினார்.

நம்மில் பலர் டைகரை முதலில் கறுப்பு வெள்ளையில், சாணித்தாளில் படித்தோம். அதில் ஏதோ இழந்தோம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வண்ணம் போனதும் தூரிகை அம்மணமாகத் தெரிந்தது. 'தங்கக் கல்லறை'யை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 1972 இல் வந்த இரண்டு ஆல்பங்கள் அவை, தொலைந்துபோன ஜெர்மானியனின் சுரங்கத்தைத் தேடிப் போகும் கதை. தங்கத் தோட்டாவால் சுடும் ஓர் ஆவி, பேராசை பிடித்த போலிப் பிரபு, துரத்திவரும் வெகுமதி வேட்டையர்கள், சபலத்தில் விழும் ஜிம்மி என்று சுவாரசியத்துக்குக் குறைவே இல்லை. கதையை நான் மறந்துபோன பிறகும் மறக்காமல் இருப்பது அந்த மலைத்தட்டு. செங்குத்தான பாறைச்சுவர், அதன் அடியில் எறும்பு மாதிரி குதிரைகள். யார் எங்கே நிற்கிறார்கள், துப்பாக்கி எந்த மறைவிலிருந்து வரும், தண்ணீருக்கு எவ்வளவு தூரம் என்பதெல்லாம் படிப்பவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் என்னை இறக்கிவிட்டால் வழி கண்டுபிடித்துவிடுவேன்.

இன்னொன்று. ஷார்லியே வசனத்தில் கஞ்சத்தனம் தெரியாதவர். ஒரே சமயத்தில் பல தொடர்கள் எழுதிக்கொண்டிருந்தார், கதையைத் துண்டுதுண்டாகத்தான் அனுப்புவார். அந்தத் துண்டுகளில் ஒவ்வொரு பாத்திரமும் நடக்கப்போவதையும் நடந்ததையும் விளக்கிக்கொண்டே இருக்கும். எழுத்து முழுவதும் கட்டத்தின் மேல்பாதியில் உட்கார்ந்துவிடும். ஓவியனுக்கு மிச்சமிருப்பது கீழ்பாதி. பல பக்கங்களில் ஜிரோ இதற்கு ஒரே தீர்வைப் பிடித்திருக்கிறார்: அடிவானத்தைக் கீழே இறக்குவது. மேலே வெறும் வானம், அதில் வசனம் மிதக்கட்டும். கீழே சின்னச் சின்ன மனிதர்கள், பெரிய பூமி. படிக்கும்போது இது தந்திரம் என்றே தெரியாது, பாலைவனம் அப்படித்தானே இருக்கும் என்று தோன்றும். இதை எந்தப் பேட்டியிலும் அவர் சொல்லி நான் படித்ததில்லை, என் ஊகம்தான். ஆனால் பின்னால் மோபியஸின் அடையாளமாகப் போன அந்தக் காலி வானம், ஷார்லியேவின் வசனத்துக்காக ஒதுக்கிய இடத்தில்தான் பிறந்தது என்று நினைக்கிறேன். ஆர்ஸாக் வந்தபோது வசனம் கிளம்பிப் போயிருந்தது. வானம் அங்கேயே இருந்தது.

மோபியஸ் என்ற பெயரை அவர் முதலில் போட்டது 1963 இலேயே. ப்ளூபெரி தொடங்கிய அதே வருடம், 'ஹரா-கிரி' என்ற நக்கல் இதழில் சில குட்டிக் கதைகளுக்காக. மோபியஸ் பட்டை தெரியுமில்லையா? ஒரு காகிதப் பட்டையை அரை முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால், அதற்கு ஒரே ஒரு பக்கம்தான் இருக்கும். விரலை வைத்து ஓட்டிக்கொண்டே போனால் 'மறுபக்கம்' போய்த் திரும்பி வந்துவிடலாம், விளிம்பைத் தாண்டவே வேண்டாம். இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்த மனிதரை நாம் இரண்டு பக்கமாகவே வாசித்துக்கொண்டிருக்கிறோம். ஜிர் என்று கையெழுத்துப் போட்டால் தூரிகை, மோபியஸ் என்று போட்டால் பேனா என்று அவரும் ஒரு எல்லை வைத்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்த எல்லையை அவரே மதிக்கவில்லை. 1973 இல் பிலோத்தில் 'லா தெவியாஸியோன்' என்று ஏழு பக்கக் கதை ஒன்று வந்தது. ஜிரோ என்ற ஓவியர் மனைவி குழந்தையோடு காரில் விடுமுறைக்குக் கிளம்புகிறார், மாற்றுவழி ஒன்றில் திரும்புகிறார், அதோடு உலகம் கழன்றுவிடுகிறது. பக்கம் முழுக்க மயிரிழைப் பேனாக்கோடு. பார்த்தால் அச்சு அசல் மோபியஸ். கையெழுத்து ஜிர்.

1974 கடைசியில் ஃபிலிப் த்ரூயே, ழான்-பியேர் தியோனே, பெர்னார் ஃபர்காஸ் ஆகியோரோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகம் தொடங்கினார். 1975 தொடக்கத்தில் அவர்களின் இதழ் 'மெத்தால் ஊர்லான்' வந்தது. அங்கேதான் ஆர்ஸாக்.

அந்தப் பறவைக்காரன் படம் இந்தக் கதையிலிருந்துதான். ஒரு வார்த்தை கிடையாது. தலைப்பின் எழுத்துகள்கூட அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறும், ஆர்ஸாக், ஹர்ஸாக் என்று. தம்பிக்கு முதல் அத்தியாயத்தின் கதையைச் சொன்னேன். பறவையில் போகிறவன் ஒரு ஜன்னல் வழியாக உடையில்லாத பெண்ணைப் பார்க்கிறான். கீழே காவல் மாதிரி நிற்கும் பெரிய மனிதனைக் கயிற்றுச் சுருக்குப் போட்டுக் கொல்கிறான். ஜன்னலில் ஏறி உள்ளே போகிறான். அவள் திரும்புகிறாள், முகம் கோரமாக இருக்கிறது. கிளம்பிப் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை.

"அய்யே, இதுவா?" என்றான் தம்பி.

இதுதான். அந்தப் படத்தில் தெரியும் தியானமும் தனிமையும் கதையில் இல்லை. இருப்பது ஒரு கெட்ட நகைச்சுவை, அதுவும் ஒரு பெண்ணின் உடம்பையும் முகத்தையும் வைத்துச் செய்தது. இப்போது படித்தால் கூசுகிறது, கூசத்தான் வேண்டும். எழுபதுகளின் அந்த இதழ் முழுக்கவே ஆண்பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திவிட்டு அடித்த கொட்டம். மோபியஸைக் கும்பிடுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள். படத்தைக் கதையிலிருந்து பிய்த்து எடுத்தால் குதிப்பது சுலபம்.

ஆனாலும் ஆர்ஸாக் பெரிய படைப்பு என்றுதான் சொல்வேன். காரணம், அதன் இன்னொரு அத்தியாயம். அதில் ஆர்ஸாக் கதாநாயகனே இல்லை. சாதாரண ஆள் ஒருவன் பழைய காரை ஓட்டிக்கொண்டு ஏதோ ஒரு பாழிடத்துக்கு வருகிறான், இறங்கி நடக்கிறான், வினோதமான கட்டடத்துக்குள் போகிறான். கடைசியில் ஒரு திரை. அதில் பறவையோடு அசையாமல் நிற்கிறான் ஆர்ஸாக். வந்தவன் பழுது பார்க்கிறான், பறவை மறுபடி கிளம்புகிறது. அவன் மெக்கானிக்! கனவுலகத்தின் பறவையும் ரிப்பேராகும், அதைச் சரிபண்ண ஒருவன் வெயிலில் வண்டி ஓட்டி வரவேண்டும். அவன் நடையில், சட்டை மடிப்பில், தோள் தொங்கும் விதத்தில், வேலைக்கு வந்த மனிதனின் களைப்பு இருக்கிறது. அந்தக் களைப்பை ஜிரோ எங்கே கற்றார் என்று டைகர் படித்தவர்களுக்குத் தெரியும்.

இணையத்தில் மோபியஸைப் போலச் செய்கிறவர்கள் எடுத்துக்கொள்வது மெல்லிய கோடு, தட்டை வண்ணம், பெரிய ஏதோ ஒன்றின் முன்னால் சின்ன மனிதன். இவை மூன்றும் இருந்தால் செயலிக்குப் போதும். விட்டுவிடுவது எடையை. மோபியஸின் மனிதர்களுக்குத் தொந்தி உண்டு, துணி கசங்கும், தரையில் கால் பதியும். அவர்கள் நிற்கும் பாறை எந்தத் திசையில் சரிகிறது என்று பேனாக் கீறலே சொல்லும். ஏனென்றால் அந்தக் கீறல்கள் அழகுக்குப் போட்டவை அல்ல, பாறையின் உடம்போடு போகிறவை. பத்து வருடம் குதிரைகளையும் பாறைகளையும் வாராவாரம் கெடுவுக்குள் வரைந்த கை அது. அந்தப் பத்து வருடம் இல்லாமல் பறவை பறக்காது.

'ஹெர்மெடிக் கராஜ்' பற்றிச் சொல்லாமல் போனால் அடிக்க வருவார்கள். 1976 முதல் 1979 வரை மாதம் இரண்டு, மூன்று பக்கமாக வந்தது. முதல் இரண்டு பக்கத்தை ஒரு விளையாட்டாக வரைந்தார். தொடர் வேண்டும் என்றதும் தொடர்ந்தார். திட்டம் கிடையாது. போன மாதம் விட்ட முடிச்சை இந்த மாதம் மறந்துவிடுவார், அல்லது வேண்டுமென்றே வேறு முடிச்சைப் போடுவார். ஒவ்வொரு தவணையிலும் வரையும் விதமே மாறும். மேஜர் க்ரூபெர் என்ற அதிகாரி, அவர் செய்த உலகம், அதற்குள் நுழையும் ஜெர்ரி கார்னீலியஸ், வில்லாளி ஒருவன், என்னென்னமோ. மூன்று முறை படித்திருக்கிறேன், இதுவரை கதையைக் கோத்துச் சொல்ல முடிந்ததில்லை. கடைசியில் ஒரு கதவைத் திறந்து க்ரூபெர் பாரிஸ் மெட்ரோ நிலையத்துக்குள் வந்துவிடுகிறார் என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது. விடுதலை என்று சொன்னால் இதுதான் அவருடைய முழு விடுதலை. அதைக் கொண்டாடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூன்றாம் முறை படித்தபோது ஷார்லியேவை நினைத்து ஏங்கினேன். ஒரு பாத்திரமாவது 'நாம் ஏன் இங்கே வந்தோம் தெரியுமா' என்று விளக்கக் கூடாதா என்று இருந்தது.

விளக்கிச் சொல்லும் இன்னொரு ஆள் அவருக்குக் கிடைத்தார், சிலி நாட்டிலிருந்து வந்த அலெஹாந்த்ரோ ஹொடோரோவ்ஸ்கி. 1975 இல் 'ட்யூன்' நாவலைப் படமாக்கக் கிளம்பியவர் ஜிரோவைக் கூட்டிக்கொண்டார். ஜிரோ ஆயிரக்கணக்கில் படங்கள் வரைந்து தள்ளினார். படம் எடுக்கப்படவே இல்லை. அந்த நாட்களில் டேன் ஓபேனன் எழுத்தில் வரைந்த 'தி லாங் டுமாரோ' என்ற குட்டித் துப்பறியும் கதையின் நகரம் பின்னால் 'ப்ளேட் ரன்ன'ரின் நகரத்துக்கு விதையானது. 'ஏலியன்' படத்தின் விண்வெளி உடைகள், 'ட்ரான்', 'தி ஃபிஃப்த் எலிமென்ட்' என்று பட்டியல் நீளும். இந்தப் பட்டியலைச் சொல்லித்தான் மோபியஸை அறிமுகம் செய்வது வழக்கம், சினிமாவுக்குப் போனால்தான் காமிக்ஸ்காரனுக்கு மதிப்பு என்பது போல. எனக்கு அதில் ஆர்வம் குறைவு.

இருவரும் சேர்ந்து 1980களில் ஆறு பாகமாகச் செய்த 'இன்கால்' வேறு விஷயம். முதல் பக்கத்திலேயே ஜான் டிஃபூல் விழுந்துகொண்டிருக்கிறான். மூன்றாந்தர துப்பறிவாளன், கோழை. கிணறு மாதிரி பூமிக்குள் இறங்கும் நகரம், அடியில் அமில ஏரி, அதை நோக்கி இவன் தலைகீழாகப் போகிறான். மேலே மாடிமாடியாக மக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். இந்தப் பக்கம் ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று யோசித்தேன். தரையை இவ்வளவு நம்பகமாக வரைந்த ஒருவர் முதல்முறையாகத் தரையைப் பிடுங்கிவிட்டார். அடிவானமே இல்லை. ஆறாவது பாகத்தின் கடைசியில் பிரபஞ்சத்தையே சுற்றிவிட்டு டிஃபூல் மறுபடி அதே இடத்தில் விழுந்துகொண்டிருப்பான். நடுவில் ஹொடோரோவ்ஸ்கியின் ஞான உபதேசம் ஏகத்துக்கு உண்டு, ஐந்தாம் பாகத்தில் நான் பக்கம் தள்ளியிருக்கிறேன். ஆனால் டிஃபூலின் பயத்தை ஜிரோ ஒரு கட்டத்திலும் கைவிடவில்லை. யோகியாகவோ வீரனாகவோ ஆக மறுக்கிற முகம் அது.

எண்பதுகளில் ஒரு ஆன்மிகக் குழுவோடு தஹிதித் தீவுக்குப் போனார், பிறகு லாஸ் ஏஞ்சலஸ். 1983 இல் சித்ரோஎன் கார் நிறுவனத்துக்காக வரைந்த ஒரு கதையிலிருந்து 'ஏடெனா' தொடர் முளைத்தது. கோடு சுத்தமாகிவிட்டது, நிழல் போடுவதே இல்லை. ஸ்டெல், ஆத்தான் என்ற இரண்டு விண்வெளிப் பழுதுபார்ப்பவர்கள் (இங்கேயும் மெக்கானிக்குகள்!) சொர்க்கம் போன்ற கிரகத்தில் பச்சைக் காய்கறி தின்னக் கற்றுக்கொள்கிறார்கள். இணையத்தில் அதிகம் பகிரப்படுவது இந்தக் காலப் படங்கள்தான், இளஞ்சிவப்பும் வெளிர்நீலமுமாக. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே யாருக்கும் வியர்ப்பதில்லை. சாப்பாட்டு உபதேசத்தை நான்கு பக்கம் படிப்பதற்கு டைகரோடு தண்ணீர் இல்லாமல் நடப்பேன். இது என் ருசி சார்ந்த தீர்ப்பு என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் ப்ளூபெரி நின்றுவிடவில்லை என்பதைத்தான் 'விடுதலை'க் கதை மறைக்கிறது. 1975 இல் கதையை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போனார் உண்மைதான். பதிப்பகத்தோடு பணத் தகராறும் இருந்தது. ஆனால் திரும்பி வந்தார். 1979 இல் ப்ளூபெரியின் அடுத்த கதை வெளியான இடம் எது தெரியுமா? மெத்தால் ஊர்லான். கனவுக்காரர்களின் இதழில் குதிரைக்காரன் ஏறிவிட்டான். இந்தக் காலத்து ப்ளூபெரியில் பேனா நுழைந்துவிட்டது, முகங்களில் மயிரிழைக் கீறல்கள், வண்ணங்களில் துணிச்சல். நம் ஊரில் 'மின்னும் மரணம்' 2015 இல் வண்ணத்தில் ஒரே தடித்த தொகுப்பாக வந்தபோது அதைத் தொடர்ச்சியாகப் படித்தேன். ஒரே கதையின் முன்பாதியிலிருந்து பின்பாதிக்குள் கை மாறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. எந்தப் பக்கத்தில் ஜிர் முடிந்து மோபியஸ் தொடங்குகிறார் என்று விரல் வைக்கப் பார்த்தேன். முடியவில்லை.

1989 இல் ஷார்லியே இறந்துபோனார். பாதியில் நின்ற 'அரிசோனா லவ்' கதையை ஜிரோ முடித்தார், அதன் பிறகு தானே எழுதத் தொடங்கினார். 1995 முதல் 2005 வரை வந்த அந்த ஐந்து ஆல்பங்களை டைகர் ரசிகர்கள் பலருக்குப் பிடிக்காது. காரணம் எளிது. நாயகன் சுடப்பட்டுப் படுக்கையில் கிடக்கிறான். வெளியே டூம்ஸ்டோன் ஊரில் எர்ப் சகோதரர்கள் ஓகே கோரல் சண்டைக்குத் தயாராகிறார்கள். வெஸ்டர்ன் கதைகளிலேயே மிகப் பிரபலமான அந்தத் துப்பாக்கிச் சண்டைக்கு முன்னால் ப்ளூபெரி ஒரு எழுத்தாளரிடம் பழைய கதை சொல்லிக்கொண்டிருக்கிறான், ஜெரோனிமோவைப் பற்றி. எனக்கோ இவைதான் மிகவும் நெருக்கம். முப்பது வருடமாக ஓடவைத்த ஒருவனைப் படுக்கவைத்துப் பேசவிட்டிருக்கிறார். ஷார்லியே இருந்தால் விட்டிருக்க மாட்டார். ஆனால் அவன் விடாமல் பேசுவதைப் பார்த்தால், செத்துப்போன கதாசிரியர் கொஞ்சம் உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இருக்கிறது.

கடைசியாக ஆறு பாகம் 'இன்சைட் மோபியஸ்'. 2004 முதல் 2010 வரை வந்தது. கஞ்சாவை விடுவது என்று முடிவெடுத்தபோது தொடங்கிய நோட்டுப் புத்தகங்கள் அவை. கதை நடக்கும் பாலைவனத்துக்குப் பெயர் 'தெஸேர் பே', அதாவது பாலைவனம் பி. பிரெஞ்சில் அதைச் சொன்னால் களை பிடுங்குவது என்றும் காதில் விழும். செடி எது என்று சொல்ல வேண்டியதில்லை. படங்கள் அவசரமாக, கிறுக்கலாக இருக்கும். அந்த வெட்டவெளியில் கிழட்டு ஜிரோ நடந்துகொண்டிருக்கிறார். ஆர்ஸாக் வருகிறான், மேஜர் க்ரூபெர் வருகிறார், இளவயது ஜிரோ வந்து முறைக்கிறான். செப்டம்பர் 11 நடந்து முடிந்திருந்த காலம் என்பதால் பின்லாடன்கூட வந்து வாதம் செய்கிறார். ப்ளூபெரியும் இருக்கிறான். எல்லோரும் ஒரே மணலில் நிற்கிறார்கள். நான் ரொம்ப நாள் தனித்தனி அலமாரியில் வைத்திருந்தவர்கள்.

2012 மார்ச் 10 அன்று ஜிரோ இறந்தார். மோன்பர்னாஸ் கல்லறையில் அடக்கம்.

தம்பிக்குத் 'தங்கக் கல்லறை'யைப் படிக்கக் கொடுத்திருந்தேன், அப்பா அடுக்கிலிருந்து எடுத்ததையே. போன வாரம் போன் செய்தான். கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணே, அந்த மலையில ஏறுறாங்கல்ல, அப்ப சூரியன் எந்தப் பக்கம் இருக்குன்னு கடைசி வரைக்கும் மாறவே இல்ல, கவனிச்சீங்களா?" என்றான். நான் கவனித்ததில்லை. புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு இப்போது ஒவ்வொரு கட்டமாக நிழலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.